லேனின் கடல் ஏன் அசையாமல் கிடக்கிறது?

முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்கிறேன். பழைய புத்தகம் ஒன்றில், ஃபிட்ஸ் ஹ்யூ லேன் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கடல் ஓவியர் வரைந்ததாகப் போட்டிருந்த ஒரு துறைமுகப் படத்தைப் பார்த்தீர்கள். அதே படத்துக்கு அருங்காட்சியகத்தின் இணையப் பக்கத்தில் ஃபிட்ஸ் ஹென்றி லேன் என்று இருந்தது. இருவரும் அண்ணன் தம்பியா, இல்லை அச்சுப் பிழையா என்று கேட்கிறீர்கள். நடக்க முடியாத ஒருவர் கப்பல்களை இவ்வளவு நுணுக்கமாக எப்படி வரைந்தார் என்பது அடுத்தது. கடைசியில் கொஞ்சம் தயங்கித் தயங்கி ஒரு வரி: ‘எல்லாரும் இந்த அமைதியைப் புகழ்கிறார்கள், எனக்கு வெறும் பழைய போட்டோ மாதிரிதான் இருக்கிறது, எனக்கு மட்டும் ஏன் பிடிபடவில்லை?’ நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்தக் கடைசி வரியைத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் முதல் இரண்டையும் தாண்டாமல் அதற்குப் போக முடியாது.

நான் கலை வரலாற்று ஆராய்ச்சியாளன் இல்லை. அச்சுக்கலை படித்து, முப்பது வருடத்துக்கு மேல் லித்தோவும் (கல்லில் வரைந்து அச்சிடுவது) எச்சிங்கும் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடுவது) சொல்லிக்கொடுத்தவன். லேன் மீது எனக்கு ஈடுபாடு வந்ததும் அந்த வழியாகத்தான். தூரிகையைக் கையில் எடுப்பதற்கு முன் அவர் லித்தோ கடையில் வேலை பார்த்தவர் என்று தெரிந்த நாளிலிருந்து அவருடைய படங்களை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். மகள் வீட்டுக்குப் போன இரண்டு தடவையும் பாஸ்டனில், வாஷிங்டனில், அவருடைய சொந்த ஊரான கிளாஸ்டரில் என்று அசல் ஓவியங்களைத் தேடிப் போய்ப் பார்த்தேன். எல்லாம் சேர்த்து ஒரு இருபது படம் இருக்கும். எனவே நான் சொல்வதில் ஆவணங்களில் உள்ளது எது, தொழில்காரனாக நான் ஊகிப்பது எது என்று அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

பெயர் விஷயம் உறுதியானது, அதில் சந்தேகமே வேண்டாம். இரண்டும் ஒரே ஆள்தான். அவர் 1804 டிசம்பர் 19 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மீன்பிடித் துறைமுகமான கிளாஸ்டரில் பிறந்தார். அப்போது வைத்த பெயர் இரண்டுமே இல்லை, நத்தானியேல் ரோஜர்ஸ் லேன். 1831 கடைசியில் பெயரை மாற்றித் தரும்படி மாநில அரசுக்கு மனுப் போட்டார். 1832 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. மனுவில் கேட்ட பெயர் ஃபிட்ஸ் ஹென்றி லேன். ஆனால் படங்களில் அவர் பெரும்பாலும் ‘எஃப். எச். லேன்’ அல்லது ‘ஃபிட்ஸ் எச். லேன்’ என்று மட்டுமே கையெழுத்துப் போட்டார். அவர் இறந்து நெடுங்காலம் கழித்து அந்த ‘எச்’ எழுத்துக்கு யாரோ ‘ஹ்யூ’ என்று விரிவு கொடுக்க, அதையே அடுத்தவர்கள் எடுத்து எழுத, புத்தகங்கள், கண்காட்சிப் பட்டியல்கள், அருங்காட்சியகச் சுவர்கள் எல்லாவற்றிலும் அதுவே நிலைத்துவிட்டது. 2004–05 வாக்கில் கிளாஸ்டர் நகர ஆவணக் காப்பகத்தில் வேலை செய்த இரண்டு பெண்கள் அந்தப் பெயர்மாற்ற மனுவைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் திருத்தினார்கள். ஆகவே 2005க்கு முன் வந்த புத்தகம் என்றால் ஹ்யூ, பின்னால் வந்தது என்றால் ஹென்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தில் பிழை இருந்தாலும் அந்தப் புத்தகத்தின் மேல் குற்றமில்லை.

பெயரை ஏன் மாற்றினார் என்பதற்கு அவர் கைப்பட எழுதிய காரணம் எதுவும் இல்லை. அதே காலத்தில் நியூயார்க்கில் நத்தானியேல் ரோஜர்ஸ் என்ற சிற்றோவியக்காரர் ஒருவர் பேரோடு இருந்தார், அந்தக் குழப்பத்தைத் தவிர்க்க மாற்றியிருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். எனக்கு இதில் சுவையாகப் படுவது தேதிதான். பெயர் மாறிய அதே 1832இல்தான் அவர் ஊரை விட்டு பாஸ்டனுக்குத் தொழில் கற்கப் போகிறார். இருபத்தேழு வயதில் புதுப் பெயர், புது ஊர், புது வேலை.

அடுத்தது கால். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன, வாழ்நாள் முழுக்க ஊன்றுகோல்தான். இது உறுதி. காரணம் அவ்வளவு உறுதியில்லை. வீட்டுத் தோட்டத்தில் இருந்த ‘பெரு ஆப்பிள்’ என்ற செடியின் விதையைத் தின்றதால் வந்தது என்று குடும்பத்திலும் ஊரிலும் சொல்லிவந்தார்கள். அந்த வட்டாரத்தில் அந்தப் பெயர் நம் ஊமத்தை இனத்துச் செடிக்கு வழங்கியது. ஊமத்தை விஷம் என்ன செய்யும் என்று நம் ஊரில் தெரியாதவர்கள் இல்லை: நாக்கு வறளும், கண்மணி விரியும், பிதற்றல் வரும், உயிரும் போகும். பிழைத்தவருக்குக் கால் மட்டும் நிரந்தரமாக முடங்குவது அதன் இயல்பு கிடையாது. அதனால் இளம்பிள்ளை வாதமாக இருந்திருக்கும் என்று இப்போது பலரும் கருதுகிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் இருநூறு வருடம் கழித்து யாரும் நோயைக் கண்டறிந்து சொல்லிவிட முடியாது.

அப்பா கப்பல்களுக்குப் பாய் தைக்கும் தொழிலாளி. இந்தச் செய்தியைக் கலைப் புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துவிடும், நான் கடக்க மாட்டேன். பாய் தைக்கிறவருடைய வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு எந்தக் காற்றுக்கு எந்தப் பாய் எப்படிப் புடைக்கும், எந்தக் கயிறு எதை இழுக்கும் என்பதெல்லாம் பேச்சோடு பேச்சாக வந்துவிடும். பையனுக்குப் பன்னிரண்டு வயது ஆவதற்குள் அப்பா இறந்துவிட்டார். மற்ற பையன்கள் மீன்பிடிக்கப் போனார்கள், இவரால் முடியவில்லை. கொஞ்ச நாள் செருப்பு தைத்துப் பார்த்தார். செருப்புத் தைப்பதைவிடப் படம் நன்றாக வருகிறது என்று தெரிந்ததும் பாஸ்டனுக்குப் போய்விட்டார் என்று அவருடைய சகோதரர் மகன் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். நமக்குக் கிடைத்திருக்கும் ஆரம்ப காலப் படங்களில் ஒன்று 1830இல் நீர்வண்ணத்தில் வரைந்தது. இடி விழுந்து எரிந்துபோன ‘பாஸ்டன்’ என்ற பயணிகள் கப்பல் நடுக்கடலில் கொழுந்துவிட்டு எரிவதைக் காட்டுவது. யாரிடமும் முறையாகக் கற்றுக்கொள்ளாத கை என்பது பார்த்தவுடன் தெரியும். ஆனால் கப்பலின் உடம்பு சரியாக இருக்கிறது.

பாஸ்டனில் அவர் சேர்ந்தது பெண்டில்டன் என்பவருடைய லித்தோ கடை. அமெரிக்காவில் அந்தத் தொழில் அப்போதுதான் காலூன்றிக்கொண்டிருந்தது. பாட்டுப் புத்தக அட்டை, கடை விளம்பரம், ஓட்டல் படம், ஊர்க்காட்சி என்று எது வந்தாலும் வரைந்து கொடுக்க வேண்டும். அங்கே இவரோடு பயிற்சியில் இருந்து பின்னால் ஓவியரான பெஞ்சமின் சாம்ப்னி, தன் நினைவுக் குறிப்பில் லேனைப் பற்றி எழுதும்போது, வரைவதில் மிகத் துல்லியமானவர், தூரக்காட்சி இலக்கணமும் கப்பல் கட்டும் முறையும் கப்பல் ஓட்டும் விதமும் முழுக்க அறிந்தவர் என்கிறார். கூட வேலை பார்த்த ஒருவர் சொல்வதால் இதற்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன்.

லித்தோ என்றால் என்ன என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள், உங்கள் மூன்றாவது கேள்விக்கு இதுதான் வாசல். பவேரியாவில் வெட்டியெடுக்கும் ஒரு வகைச் சுண்ணாம்புக் கல்லை மணல் போட்டுத் தேய்த்து, கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய சொரசொரப்பு மட்டும் மிச்சமிருக்கும்படி மட்டமாக்குவோம். அதன் மேல் கொழுப்புக் கலந்த கிரேயானால் வரைய வேண்டும். பிறகு வேலம்பிசினில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் கலந்து பூசினால், வரைந்த இடம் மையை வாங்கும், வரையாத இடம் தண்ணீரை வாங்கி மையை விரட்டும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது, அவ்வளவுதான் சூட்சுமம். தொல்லை என்னவென்றால் விரல் பட்டால்கூட அந்தக் கொழுப்பும் அச்சில் வந்துவிடும். மாணவனாக இருந்தபோது நான் கல் மீது குனிந்து வரைந்துகொண்டிருக்கையில் நெற்றி வியர்வை ஒரு சொட்டு விழுந்தது. அந்தப் பிரதி எதிலும் ஆகாயத்தில் ஒரு கறை. தப்பாக வரைந்தால் அழிப்பது பெரும்பாடு. படம் முழுக்க இடவல மாறி வரைய வேண்டும், எழுத்து உட்பட.

இதில் எல்லாவற்றையும்விடக் கடினம் வானம்தான். அடர்த்தியிலிருந்து வெளிச்சத்துக்கு வரும் ஒரு சீரான இறக்கத்தைக் கல்லில் கொண்டுவர, கிரேயானைக் கூராகச் சீவி, ஒரே எடையில், ஒன்றன்மேல் ஒன்றாக ஆயிரக்கணக்கான மெல்லிய தடவல்கள் போட வேண்டும். கை ஒரு இடத்தில் அழுத்திவிட்டால் அந்த அழுத்தம் கோடாக நிற்கும். நல்ல லித்தோ வரைவாளர் தன் கை பட்டதே தெரியாமல் வேலை செய்யப் பழகிக்கொள்வார். கிட்டத்தட்ட பதினைந்து வருடம் லேன் இதைத்தான் செய்தார். 1840களின் நடுவில் ஸ்காட் என்ற இன்னொரு ஓவியரோடு சேர்ந்து சொந்தமாகவே ஒரு லித்தோ கடை நடத்தினார். எண்ணெய் வண்ணத்துக்கு அவர் வந்தது 1840 வாக்கில், முப்பத்தைந்து வயதில். அதற்குள் கை ஒரு பழக்கத்தில் இறுகிவிட்டிருக்கும்.

எண்ணெய் வண்ணத்தில் அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் ராபர்ட் சால்மன் என்ற ஆங்கிலேயக் கடல் ஓவியர். 1828இல் பாஸ்டனுக்கு வந்து குடியேறியவர். லேன் அவரிடம் மாணவராகச் சேர்ந்ததற்குச் சான்று இல்லை. ஆனால் 1845இல் லேன் வரைந்த ‘நார்தர்ன் லைட்’ என்ற உல்லாசப் படகின் படம், சால்மனின் வரைவைப் பார்த்துச் செய்தது என்பது படத்திலேயே குறித்திருக்கிறது. சின்னச் சின்ன அலைகளை ஒரே ஒழுங்கில் அடுக்கும் முறை, கப்பலைப் பக்கவாட்டில் முழு உடம்பும் தெரிய நிறுத்தும் முறை, இரண்டும் சால்மனிடமிருந்து வந்தவைதான். அந்த வருடங்களின் பாஸ்டன் துறைமுகத்தை நினைக்கும்போது எனக்கு நம்மூர் ஞாபகமும் வரும். ஃப்ரெடரிக் டியூடர் என்ற வியாபாரியின் கப்பல்கள் குளத்துப் பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து அங்கிருந்துதான் மதராஸுக்குக் கொண்டுவந்தன. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் நிற்கும் ஐஸ் ஹவுஸ், இப்போதைய விவேகானந்தர் இல்லம், அந்தப் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியது. லேன் நாள்தோறும் பார்த்த கப்பல் கூட்டத்தில் நம் கடலுக்கு வந்துபோனவையும் இருந்திருக்கும்.

1848இல் கிளாஸ்டருக்கே திரும்பினார். அடுத்த ஓரிரு வருடத்தில் துறைமுகத்தை ஒட்டிய டங்கன்ஸ் பாயிண்ட் மேட்டில் கருங்கல்லில் ஏழு கூரைமுகடுகள் கொண்ட ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டார். கலைஞன் வறுமையில் வாடினான் என்ற வழக்கமான கதை இவருக்குப் பொருந்தாது. உழைத்துச் சம்பாதித்தார், வீடு கட்டினார், ஊரில் மதிப்போடு இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சகோதரியும் அவர் கணவரும் கூட இருந்தார்கள், கடைசி வருடங்களில் அவர்களோடு மனக்கசப்பு வந்தது. 1960களில் நகரச் சீரமைப்பு என்று சுற்றியிருந்த கட்டடங்களையெல்லாம் இடித்தபோது இந்த வீடு தப்பித்தது. இப்போதும் புல்மேட்டின் மேல் தனியாக நிற்கிறது. பக்கத்தில் கையில் வரைதாளோடு உட்கார்ந்திருக்கும் லேனின் வெண்கலச் சிலை ஒன்று உண்டு. அங்கே நின்று பார்த்தால் துறைமுகம் முழுக்கக் கண்ணில் விழும். மேட்டில் வீடு கட்டியதன் காரணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது: நடக்க முடியாதவருக்கு இடமே பாதி வேலையைச் செய்துகொடுத்திருக்கிறது.

மீதிப் பாதியைச் செய்தவர் ஜோசப் ஸ்டீவன்ஸ் என்ற நண்பர். கிளாஸ்டரில் வியாபாரி, குடும்பம் வடக்கே மெய்ன் மாநிலத்தின் காஸ்டீன் என்ற கடலோர ஊரைச் சேர்ந்தது. 1850களின் கோடைகளில் இருவரும் படகில் பெனப்ஸ்காட் வளைகுடா, மவுண்ட் டெசர்ட் தீவு என்று சுற்றினார்கள். ஸ்டீவன்ஸ் படகு ஓட்டுவார், லேன் படகில் உட்கார்ந்தபடியே வரைவார். தாளில் இடம் போதாவிட்டால் இன்னொரு தாளைப் பக்கத்தில் ஒட்டி நீட்டிக்கொள்வார். அப்படி வந்தவை ஒரு முழம், இரண்டு முழம் நீளமான, மெல்லிய பென்சில் கோட்டில் கரையின் வடிவம் மட்டும் ஓடும் வரைவுகள். யார் கூட இருந்தார், எங்கிருந்து பார்த்தது, பின்னால் எந்த ஓவியம் இதிலிருந்து வந்தது, யார் வாங்கினார் என்றெல்லாம் ஸ்டீவன்ஸ் அவற்றில் குறிப்பெழுதி வைத்தார். இன்று கிளாஸ்டரின் கேப் ஆன் அருங்காட்சியகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட வரைவுகள் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். ஓவியங்களைப் பார்ப்பதற்கு முன் நீங்கள் அவற்றைப் பார்ப்பது நல்லது. வரைவுகளில் வானம் இருக்காது, வெளிச்சம் இருக்காது, பெரும்பாலும் கப்பல்கூட இருக்காது. நிலம் மட்டும்தான். மற்றவை எல்லாம் வீட்டில், ஜன்னலோரத்தில், ஞாபகத்திலிருந்தும் கணக்கிலிருந்தும் சேர்த்தவை.

இங்கேதான் உங்கள் ‘போட்டோ மாதிரி’ என்ற சொல்லோடு எனக்குச் சின்னத் தகராறு. லேனின் ஓவியங்களை அகச்சிவப்பு ஒளியில் சோதித்தபோது வண்ணத்துக்கு அடியில் நுணுக்கமான பென்சில் கோடுகள் தெரிந்தன, சில இடங்களில் அடிக்கோல் வைத்துப் போட்டவை. அவர் வரைகருவி ஏதோ பயன்படுத்தியிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நீளமான கரை வடிவங்கள் அவ்வளவு சரியாக இருப்பதைப் பார்க்கும்போது அது நம்பக்கூடியதுதான், ஆனால் முடிந்த முடிவில்லை. எது எப்படியோ, படம் ஒரு நொடியில் பிடித்தது கிடையாது. ஒரு கோடையில் வரைந்த கரை, வேறு நாள் பார்த்த கப்பல், இன்னொரு மாலையின் வானம் எல்லாம் பொருந்தும்படி கட்டியது. பொருந்தியிருக்கிறதா என்று நீங்களே சோதிக்கலாம். கொடி எந்தப் பக்கம் பறக்கிறது, பாய் எந்தப் பக்கம் புடைக்கிறது, தண்ணீரில் சிற்றலை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். நான் பார்த்த வரையில் மூன்றும் ஒரே காற்றுக்குத்தான் கட்டுப்படும். வாங்கியவர்களில் கப்பல் முதலாளிகளும் மாலுமிகளும் இருந்தார்கள். ஒரு கயிறு இடம் மாறியிருந்தால்கூட அவர்கள் விட்டிருக்க மாட்டார்கள்.

சரி, இனி அமைதி. ஆரம்பத்தில் லேனின் துறைமுகங்கள் சந்தடி மிக்கவை. 1844இல் வரைந்த கிளாஸ்டர் துறைமுகம், 1847இல் வரைந்த கோட்டையும் டென் பவுண்ட் தீவும், 1853இல் வரைந்த, மாசசூசெட்ஸின் சேலம் துறைமுகம் என்று வரிசையாகப் பார்த்தால் மீன் கூடை, படகு, வேலையாட்கள் எல்லாம் முன்னால் நிறைந்திருக்கும். வருடம் ஏற ஏற ஆட்கள் குறைந்துகொண்டே போவார்கள். 1860இல் ஹாஃப்வே ராக் என்ற பாறைக்கு அருகில் காற்றில்லாமல் நின்றுவிட்ட கப்பல்கள், 1862இல் மெய்ன் கரையின் ஔல்ஸ் ஹெட் என்ற கடல்முனை, 1863இல் மாலை வெளிச்சத்தில் மரக்கட்டை ஏற்றிய ஸ்கூனர் வகைப் பாய்க்கப்பல்கள், 1864இல் பிரேசஸ் ராக். கடைசி ஐந்து வருடத்தில் வானமும் தண்ணீரும்தான் படத்தின் பெரும்பகுதி.

இந்த வகை ஓவியத்துக்கு ‘லூமினிசம்’ என்று ஒரு பெயர் இருப்பதைப் படித்திருப்பீர்கள், ‘ஒளியியம்’ என்று வேண்டுமானால் சொல்லலாம். அந்தச் சொல்லை லேன் தன் வாழ்நாளில் கேட்டதே கிடையாது. ஜான் பவர் என்ற அருங்காட்சியகக்காரர் 1950களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது அது. 1980இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் அந்தப் பெயரில் பெரிய கண்காட்சி நடத்திய பிறகு நிலைத்தது. லேன், ஹீட், கென்செட், கிஃபர்ட் போன்ற சில அமெரிக்க ஓவியர்களை அதற்குள் சேர்ப்பார்கள். அவர்கள் ஒன்றுகூடிக் கொள்கை வகுத்த குழு இல்லை. பின்னால் வந்தவர்கள் வசதிக்காக ஒட்டிய சீட்டு என்று எடுத்துக்கொண்டால் போதும்.

அமைதிக்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணம், அந்தக் கால அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சன். இயற்கையின் முன் நான் என்பது கரைந்து வெறும் பார்வையாக ஆகிவிடும் அனுபவத்தை எமர்சன் பேசினார், லேன் அதை வரைந்தார் என்பது அந்த வாதம். கிளாஸ்டரின் சொற்பொழிவு மன்றத்தில் எமர்சன் பேசியிருக்கிறார், லேன் அந்த மன்றத்தின் நிர்வாகத்தில் இருந்திருக்கிறார். அதுவரை ஆவணம் உண்டு. எமர்சனைக் கேட்டதால்தான் இப்படி வரைந்தார் என்பதற்குக் கிடையாது. நான் முழுக்க மறுக்கவில்லை. ஆனால் இதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கல்லில் வானம் போட்டுப் பார்க்காதவர்கள் என்று தோன்றும். தூரிகைத் தடம் தெரியாத அந்த வழவழப்பு, அடிவானத்திலிருந்து மேலே ஏறும் வெளிச்சம் எங்கே நிறம் மாறியது என்று காட்டிக்கொள்ளாமல் மாறுவது, எல்லாம் லித்தோ கடையில் பதினைந்து வருடம் பழகிய கை. பாஸ்டன் அருங்காட்சியகத்தில் ஔல்ஸ் ஹெட் படத்துக்கு முன் ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்துப் பார்த்தேன், காவலர் வந்து தள்ளி நிற்கச் சொன்னார். அவ்வளவு கிட்டத்திலும் வானத்தில் கை தெரியவில்லை. லேனிடம் இருப்பது ஞானமா தொழிலா என்று கேட்டால், தொழில் முன்னால் போயிருக்கும், மற்றது பின்னால் வந்து சேர்ந்திருக்கும் என்பது என் ஊகம். ஊகம்தான், சண்டைக்கு வராதீர்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அடுத்த தலைமுறை அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் இருக்கிறார். அவரும் பாஸ்டன் லித்தோ கடையில்தான் தொழில் தொடங்கினார், 1855 வாக்கில். அந்த வேலையை வெறுத்தார். 1880 கோடையில் லேன் பலமுறை வரைந்த அதே டென் பவுண்ட் தீவில், கலங்கரை விளக்கக் காவலர் வீட்டில் தங்கி நீர்வண்ணத்தில் மாலை வானங்களை வரைந்தார். நிறம் ஒழுகுகிறது, தூரிகை ஓடிய வேகம் தெரிகிறது. ஒரே தீவு, ஒரே தொழிலில் தொடங்கிய இருவர், ஒருவர் கல்லின் பழக்கத்தை உதறினார், மற்றவர் அதைக் கடைசிவரை கொண்டுபோனார். அதனால் என் லித்தோ வாதம் தானாக நிரூபணமாகிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தொழில் ஒன்றுதான், வெளியே வந்த ஆட்கள் வேறு.

பிரேசஸ் ராக் பற்றி ஒரு எச்சரிக்கை. கிளாஸ்டரின் கிழக்கு முனையில் ஒரு சின்னக் குடா, நடுவில் பாறை, முன்னால் மணலில் உடைந்து கிடக்கும் ஒரு படகு, ஆள் யாரும் இல்லை. 1863–64இல் இதையே பல தடவை வரைந்தார். அது உள்நாட்டுப் போர்க் காலம். போர் 1865 வசந்தத்தில் முடிந்தது, அந்த ஆகஸ்ட் 14 அன்று லேன் இறந்தார். இதையெல்லாம் சேர்த்து, உடைந்த படகு என்பது உடைந்த நாடு என்றும், சாவை எதிர்நோக்கிய ஓவியரே அது என்றும் எழுதுகிறார்கள். படகு அங்கே கிடந்தது, அவர் வரைந்தார் என்பதற்கு மேல் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் ஒரே இடத்தை ஒரு மனிதர் திரும்பத் திரும்ப வரைகிறார் என்றால் வெறும் காட்சிக்காக இருக்காது என்றும் தோன்றுகிறது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. லேன் படம் என்று இணையத்தில் சுற்றுவதெல்லாம் லேன் வரைந்தது இல்லை. மேரி பிளட் மெல்லன் என்ற மாணவி அவருடைய படங்களைப் பார்த்துப் பிரதி எடுத்துப் பழகியவர். எது என்னுடையது என்று லேனுக்கே தெரியவில்லை என்று அந்தக் காலத்திலேயே ஒரு பேச்சு உண்டு. இருவர் பெயரும் பின்னால் எழுதியிருக்கும் வட்டவடிவ ஓவியம் ஒன்றும் இருக்கிறது. இருவரையும் அருகருகே வைத்து 2007இல் கண்காட்சியே நடத்தினார்கள். மெல்லனுடைய வண்ணம் கொஞ்சம் மென்மை, கப்பலின் கயிறுகளில் லேனுக்கு இருக்கும் கண்டிப்பு இவரிடம் குறைவு. இது பொதுவான கருத்து, ஒவ்வொரு படத்துக்கும் தீர்ப்பாக வைத்துக்கொள்ள முடியாது. பணமும் இதில் கலந்துவிட்டது: 2004இல் லேனின் மான்செஸ்டர் துறைமுகப் படம் ஒன்று 55 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இத்தனைக்கும் இறந்த பிறகு ஐம்பது அறுபது வருடம் கிளாஸ்டருக்கு வெளியே இவரை நினைத்தவர்கள் மிகச் சிலர்.

இப்போது உங்களுக்கு ஏன் பிடிபடவில்லை என்பதற்கு வருகிறேன். பாதிக் குற்றம் திரையின் மேல். லேனின் இருண்ட பகுதிக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலான படிகள் மிக நெருக்கமானவை. போனில் அவை ஒட்டிப்போய் ஒரே மஞ்சளாகத் தெரியும், புத்தக அச்சிலும் அப்படித்தான். முடிந்தால் அருங்காட்சியகங்கள் தரும் பெரிய கோப்பை இறக்கி, கணினியில், அறை விளக்கைக் குறைத்துப் பாருங்கள். ஔல்ஸ் ஹெட்டில் தொடங்குங்கள். அசல் 40 சென்டிமீட்டர் உயரம், 66 சென்டிமீட்டர் அகலம்தான், கணினித் திரையைவிடக் கொஞ்சம் பெரிது. கரையில் ஒருவர் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். கப்பலைப் பார்ப்பதற்கு முன் அவரைப் பாருங்கள், பிறகு அவர் பார்க்கிற பக்கம் பாருங்கள். அங்கே தண்ணீர் முடிந்து வானம் தொடங்கும் இடத்துக்கு மேலே, எந்த இடத்தில் இளஞ்சிவப்பு தீர்ந்து அடுத்த நிறம் வருகிறது என்று விரலை வைத்துக் காட்ட முயற்சி செய்யுங்கள். என் மாணவர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்திருக்கிறேன். இதுவரை யாரும் ஒரே இடத்தை இரண்டு தடவை காட்டியதில்லை.